மணிக்கு நாலு கடல் மைல்: சுஹைலி என்ற தேக்குப் படகின் கணக்கு

சுஹைலி மெதுவான படகு. அதை மறைத்துவிட்டு அதன் பெருமையைப் பேச எனக்கு விருப்பமில்லை. 1968 ஜூன் 14-ஆம் தேதி இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்திலிருந்து ஒரே ஆளோடு கிளம்பியது. எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் உலகத்தைச் சுற்றிவிட்டு, 1969 ஏப்ரல் 22-ஆம் தேதி அதே ஃபால்மத்துக்குத் திரும்பியது. 312 நாள், முப்பதாயிரம் கடல் மைலுக்குச் சற்றே அதிகம். வகுத்துப் பார்த்தால் மணிக்கு நாலு கடல் மைல்தான் வருகிறது, ஏழரை கிலோமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. காரைக்குடி செக்காலை ரோட்டில் காலையில் மெல்ல ஓடுகிறவர்கள்கூட அந்த வேகத்தில் ஓடிவிடுவார்கள்.

ஆனால் அப்படித் தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றிய முதல் படகு இதுதான். இதற்கென்றே அந்த ஆண்டு நடந்த போட்டியில் கிளம்பியவர்கள் ஒன்பது பேர். முடித்தவர் சுஹைலியின் மாலுமி ஒருவர் மட்டும். மெதுவான படகு எப்படி இதைச் செய்தது? அந்த மெதுவுக்குக் காரணம் என்ன, அதற்குப் பதிலாக அந்தப் படகு என்ன கொடுத்தது? ஒரு பழைய பாய்மரப் படகை எடைபோட வேண்டுமென்றால் இங்கேதான் தொடங்க வேண்டும்.

கடல் பார்த்து வளர்ந்தவன் இல்லை நான். மரம் வழியாகத்தான் இந்தப் படகின்மேல் பிரியம் வந்தது. எங்கள் வீடு தேவகோட்டையில். வளவை, அதாவது நடு முற்றத்தை, சுற்றி நிற்கும் தூண்கள் எல்லாம் பர்மாத் தேக்கு. ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் பார்க்க, போனவர், மதராஸில் பி.ஐ. கப்பல் ஏறித்தான் போனார். பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்ற முழுப்பெயரை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, பி.ஐ. கப்பல்தான். ரங்கூனுக்கும், நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் ஆட்களை ஏற்றிப்போன கம்பெனி. அதே கம்பெனியில் அதிகாரியாக இருந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற இளைஞர், பம்பாயில், நம் நாட்டுத் தச்சர்களை வைத்துத் தேக்கில் கட்டிய படகுதான் சுஹைலி. பின்னால் அதில் தனியாக உலகைச் சுற்றியவரும் அவர்தான். இது தெரிந்த நாளிலிருந்து அந்தப் படகைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் தேடிப் படிக்கிறேன்.

கட்டும்போதே அது பழைய பாணிப் படகுதான். நாக்ஸ்-ஜான்ஸ்டனும் கூட வேலை பார்த்தவர்களும் ஒரு படகைக் கட்டி, அதிலேயே ஊர் திரும்பலாம் என்று நினைத்து, இங்கிலாந்தில் ஒரு நிறுவனத்துக்கு வரைபடம் கேட்டு எழுதினார்கள். அவர்கள் ஆசைப்பட்டது நவீனமான ஒரு படகு. தபாலில் வந்தது வேறு. சரி, வந்ததையே கட்டுவோம் என்று 1963-இல் கொலாபாவில் வேலையைத் தொடங்கினார்கள். அந்த வரைபடத்தின் பெயர் ‘எரிக்’. வில்லியம் அட்கின் என்ற அமெரிக்கர் 1920-களில் வரைந்தது. அவரும் அதைப் புதிதாக யோசித்து வரையவில்லை. நார்வேயில் காலின் ஆர்ச்சர் என்பவர் 1890-களில் வடிவமைத்த மீட்புப் படகுகளைச் சுருக்கி வரைந்தார். மீன்பிடிக்கப் போனவர்கள் புயலில் சிக்கினால், கரைக்கு வரத் தவிக்கும் மற்றப் படகுகளுக்கு நடுவே எதிர்த்திசையில் கடலுக்குள் போக வேண்டிய படகுகள் அவை. என்ஜின் கிடையாது, பாயை மட்டும் நம்பிப் போய், சிக்கியவர்களைக் கட்டி இழுத்துக்கொண்டு வர வேண்டும். சுஹைலியின் ஒவ்வொரு குணமும் அந்த வேலையிலிருந்து வந்தது. அது புரிந்தால் மற்றதெல்லாம் எளிது.

பம்பாய்த் தச்சர்கள் வாய்ச்சியால் செதுக்கி, வில் இழுத்துச் சுற்றும் தமரால் துளை போட்டு அதைக் கட்டினார்கள். 1964 டிசம்பரில் படகின் முன்முனையான அணியத்தில் தேங்காய் உடைத்துத் தண்ணீரில் இறக்கினார்கள். பாரசீக வளைகுடாவில் தென்கிழக்கிலிருந்து வீசும் காற்றை அரபு மாலுமிகள் சுஹைலி என்பார்கள், அதுவே பெயரானது. சுஹைல் என்பது அரபியில் ஒரு விண்மீனின் பெயரும்கூட. நம் ஊரில் அதற்கு அகத்தியர் விண்மீன் என்று பெயர்.

இனி அளவுகளைப் பார்க்கலாம். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தை விட்டுவிட்டால் உடல் நீளம் 32 அடி. தண்ணீர் தொடும் கோட்டில் நீளம் 28 அடி. அகலம் 11 அடி, தண்ணீருக்குள் முங்கும் ஆழம் ஐந்தரை அடி. எடை பத்து டன் அளவில். எங்கள் வளவின் ஒரு பக்கத்து நீளம்கூட இல்லாத ஒரு படகு.

இதில் வேகத்தை முதலில் தீர்மானிப்பது அந்த 28 அடி. படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது முன்னால் ஓர் அலை எழும்பும், பின்னால் ஓர் அலை எழும்பும். வேகம் கூடக்கூட இரண்டு முகடுகளுக்கும் இடையே தூரம் நீளும். அந்தத் தூரம் படகின் நீர்க்கோட்டு நீளத்தை எட்டும்போது, படகு தானே உண்டாக்கிய பள்ளத்தில் தானே உட்கார்ந்துவிடுகிறது. அதற்குமேல் வேகம் வேண்டுமென்றால் தன் முன்னலையின் மேல் ஏறிப் போக வேண்டும். கனமான படகால் அது முடியாது. கணக்கும் சுலபம்தான்: நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால் அந்த எல்லை வேகம் மணிக்கு இத்தனை கடல் மைல் என்று கிடைக்கும். சுஹைலிக்கு ஏழு சொச்சம்.

எல்லை ஏழு, சராசரி நாலு. மீதி எங்கே போனது? கொஞ்சம் வானிலையில் போனது. பூமத்தியரேகைப் பக்கம் காற்று செத்துக்கிடக்கும் நாட்கள், அண்டார்டிகாவைச் சுற்றிய தென்கடலில் பாயையெல்லாம் இறக்கிவிட்டுப் புயல் ஓயும்வரை காத்திருந்த நாட்கள், உடைந்ததைச் சரிசெய்ய நின்ற நாட்கள். அடிப்பக்கத்தில் சிப்பி ஒட்டிக்கொண்டதும் ஒரு காரணம். ஆகவே 312 நாளை வைத்து வடிவமைப்பை மட்டும் குறை சொல்வது சரியில்லை. மாலுமி, காற்று, பருவம், பழுது எல்லாம் கலந்த எண் அது.

ஆனாலும் வடிவமைப்புக்கும் பங்கு உண்டு. அதைப் பார்க்க ஒரு நேர் ஒப்பீடு இருக்கிறது. அதே போட்டியில் பிரெஞ்சுக்காரர் பெர்னார்ட் மொய்தெஸ்ஸியே ‘ஜோஷுவா’ என்ற 39 அடி எஃகுப் படகில் 1968 ஆகஸ்ட் 22-ஆம் தேதி, ஃபால்மத்துக்குப் பக்கத்துத் துறைமுகமான பிளிமத்திலிருந்து கிளம்பினார். சுஹைலி 1969 ஜனவரி 17-ஆம் தேதி தென்னமெரிக்காவின் தென்கோடியான கேப் ஹார்னைத் தாண்டியது. ஜோஷுவா பிப்ரவரி 5-ஆம் தேதி. அதாவது இங்கிலாந்திலிருந்து கேப் ஹார்ன் வரை சுஹைலிக்கு 217 நாள், ஜோஷுவாவுக்கு 167 நாள். ஐம்பது நாள் வித்தியாசம்! இத்தனைக்கும் ஜோஷுவாவும் இரு முனையும் கூர்ந்த, கனமான, பழைய பாணிப் படகுதான். நீளம் கூடினால் வேகம் கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம். மொய்தெஸ்ஸியே அப்புறம் போட்டியே வேண்டாம் என்று தாஹிட்டி பக்கம் திரும்பிப் போய்விட்டார், அது வேறு கதை.

நீளம் மட்டும்தான் காரணமா என்றால் அதுவும் இல்லை. 2018-இல் இந்தப் போட்டியின் ஐம்பதாவது ஆண்டை ஒட்டி, பழைய வகைப் படகுகளுக்கு மட்டும் அனுமதி என்ற விதியோடு மறுபடி நடத்தினார்கள். வென்றவர் ஷான்-லுக் வான் டென் ஹீட். அவர் ஓட்டியது ரஸ்ட்லர் 36 என்ற வகைப் படகு. பெயரில் 36 இருந்தாலும் அதன் நீர்க்கோடு 27 அடிக்கு உள்ளேதான், சுஹைலியைவிடக் குறைவு. ஆனால் அவர் 212 நாளில் முடித்தார், சுஹைலிக்கு நூறு நாள் முன்னால். ஆக, எல்லை வேகம் என்ற கணக்கு மேல்வரம்பைத்தான் சொல்கிறது. நாள் முழுக்க அந்த வரம்புக்கு எவ்வளவு நெருங்கி ஓட முடியும் என்பதை எடை, பாய்களின் தரம், அடிப்பாகத்தின் வடிவம், ஓட்டுகிறவர் இவைதான் தீர்மானிக்கின்றன. ரஸ்ட்லர் ஏழரை டன் அளவில். எடையிலும் சுஹைலிக்குக் குறைவு, பாயும் கயிறும் அரை நூற்றாண்டு முன்னேறியவை.

எடைக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. டன்னில் எடையை எடுத்து, நீர்க்கோட்டு நீளத்தின் நூறில் ஒரு பங்கை மும்முறை பெருக்கி வகுப்பார்கள். இன்றைய பயணப் படகுகளில் பல 200 அளவில் நிற்கும். சுஹைலிக்கு 400-ஐத் தாண்டுகிறது. காகிதத்தில் பார்த்தால் யாரும் உதட்டைப் பிதுக்குவார்கள். பாய்ப்பரப்பு 666 சதுர அடி. பத்து டன்னை இழுக்க அது கொஞ்சம்தான். மெல்லிய காற்றில் தவழத்தான் முடியும்.

ஆனால் அந்த எடையை வேறு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். தனி ஆள், பத்து மாதத்துக்கு மேல், நடுவில் எங்கும் அரிசி பருப்பு வாங்க முடியாது. உணவு, தண்ணீர், எண்ணெய், உதிரிப் பாய், கயிறு, கருவிகள் எல்லாம் உள்ளே. லேசான படகில் இரண்டு டன் சரக்கு ஏற்றினால் அது வேறு படகாகவே மாறிவிடும். கனமான படகு சில அங்குலம் கூடுதலாக முங்கி, பழையபடியே நடந்துகொள்ளும். ஆட்டமும் அப்படித்தான். காலி டம்ளரைத் தட்டினால் துள்ளும், ஆட்டுக்கல்லைத் தள்ளினால் மெதுவாகத்தான் அசையும். பத்து மாதம் அந்த அசைவுக்குள்ளேயே சமைத்து, தூங்கி, ஊசி நூல் கொண்டு பாய் தைக்க வேண்டிய மனிதனுக்கு எது நல்லது? என் கணக்கில் ஆட்டுக்கல்தான்.

சுஹைலியின் உண்மையான பலம் இந்த எண்கள் எதிலும் வராது. அது அதன் ஏராவில் இருக்கிறது. ஏரா என்பது படகின் அடியில் முதுகெலும்பு போல ஓடும் கட்டை. இன்றைய வேகப் படகுகளில் அது நடுவில் ஒரு குறுகிய துடுப்பு போலத் தொங்கும். சுக்கான் தனியாகப் பின்னால் இருக்கும். சுஹைலியில் ஏரா ஏறக்குறைய படகின் நீளம் முழுக்க ஓடி, அதன் முடிவில் சுக்கான் தொங்குகிறது. நீளமான ஏராவுள்ள படகைத் திருப்புவது கஷ்டம். அதே காரணத்தால் அது தானாகத் திரும்புவதும் கஷ்டம். விட்ட திசையில் போய்க்கொண்டே இருக்கும்.

இதன் அருமை நடுக்கடலில்தான் தெரியும். சுஹைலியில் காற்றின் திசையைப் பிடித்துத் தானாகச் சுக்கானைத் திருப்பும் ஒரு கருவி பொருத்தியிருந்தார்கள். ஆஸ்திரேலியாவை நெருங்கும் சமயத்தில் அது உடைந்து, இனி பயனில்லை என்றாகிவிட்டது. பாதி உலகம் பாக்கி, ஒரே ஆள், அவர் தூங்கியாக வேண்டும். வேறு வகைப் படகாக இருந்திருந்தால் பயணம் அங்கேயே முடிந்திருக்கும். நாக்ஸ்-ஜான்ஸ்டன் முன்பாயைக் கொஞ்சம் இழுத்து, பின்பாயைக் கொஞ்சம் தளர்த்தி, சுக்கான் பிடியைக் கட்டிவைத்து, படகையே தன்னை ஓட்டிக்கொள்ள விட்டார். அது ஓடியது. மீதிப் பயணத்தின் பெரும்பகுதி அப்படித்தான் நடந்தது. ஒரு பயணப் படகை மதிப்பிட எனக்கு ஒரே ஒரு கேள்வி கேட்கும் உரிமை கொடுத்தால், எத்தனை வேகம் என்று கேட்க மாட்டேன். சுக்கானை விட்டுவிட்டுப் போய்ப் படுத்தால் என்ன செய்யும் என்றுதான் கேட்பேன்.

இந்தச் சமநிலைக்கு இரண்டு பாய்மரம் இருப்பதும் உதவியது. உயரமான மரம் முன்னால், சிறியது பின்னால் சுக்கானுக்குச் சற்று முன்பு. இந்த அமைப்பைக் கெட்ச் என்பார்கள். ஒரே பெரிய பாயாக இல்லாமல் பிரிந்து இருப்பதால் ஒவ்வொன்றும் ஓர் ஆளால் அடக்கக்கூடிய அளவு. காற்று ஏறினால் நடுவிலுள்ள பெரிய பாயை இறக்கிவிட்டு, முன்னும் பின்னும் சின்னப் பாய்களோடு ஓடலாம், சமநிலை கெடாது. விலையும் உண்டு: அதே பரப்புள்ள ஒற்றை உயரப் பாயைவிட இழுவை குறைவு, கயிறும் கம்பியும் இரட்டிப்பு.

காற்றை எதிர்த்து ஓடுவதில் சுஹைலி வகைப் படகுகள் பலவீனம்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தப் பாய்மரப் படகும் காற்று வரும் திசைக்கு நேராகப் போக முடியாது. கோணலாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஏறித்தான் போக வேண்டும். நல்ல பந்தயப் படகு காற்றுக்கு 45 டிகிரிக்குள் நெருங்கும். இந்த மாதிரிக் கனமான படகு அதைவிட நன்றாக அகலமான கோணத்தில்தான் ஓடும். ஓடும்போதே பக்கவாட்டில் சறுக்கவும் செய்யும். நம் பாக் நீரிணையில் கச்சான் காற்று எதிரே அடிக்கும்போது தொண்டிக்குத் திரும்ப வேண்டும் என்றால் இந்தப் படகை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். தென்கடலின் மேலைக்காற்று முதுகில் அடிக்க, கிழக்கு நோக்கி மாதக்கணக்கில் ஓடுவதென்றால் பேச்சே இல்லை.

முதுகில் அடிக்கும் காற்று என்றதும் அந்தக் கூர்மையான பின்முனை ஞாபகத்துக்கு வரும். சுஹைலிக்கு முன்னும் கூர்மை, பின்னும் கூர்மை. பின்னால் துரத்திவரும் அலையை அது பிளந்து இரு பக்கமும் அனுப்பிவிடும் என்பது காலின் ஆர்ச்சர் பரம்பரையின் நம்பிக்கை. கூர்மையான பின்முனையில் மிதவை குறைவு, அலை மேலே ஏறிவிடும் என்று எதிர்க்கட்சி ஆடுகிறவர்களும் உண்டு. இதில் நான் நடுவில் நிற்கிறேன். தென்கடலில் அந்த மனிதர் நூற்றுக்கணக்கான அடி நீளக் கயிற்றைப் பின்னால் வளைத்து இழுக்க விட்டுத்தான் படகை அலைக்கு நேராக நிறுத்தினார். அவரைக் காப்பாற்றியது வடிவமா, கயிறா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

கவிழும் ஆபத்தை அளக்கவும் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். 1979-இல் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் புயலில் 15 மாலுமிகள் இறந்த பிறகு வந்தது. அகலத்தையும் எடையையும் வைத்து ஓர் எண் வரும், 2-க்குக் கீழே இருந்தால் நல்லது. சுஹைலிக்கு 1.6 அளவில் வருகிறது. ஆனால் பாரம் அடியில் இருக்கிறதா, மேலே இருக்கிறதா என்றே பார்க்காத சூத்திரம் அது. ஆகவே அந்த எண்ணைவிட நடந்ததைப் பார்ப்பதே மேல். 1968 செப்டம்பரில் நன்னம்பிக்கை முனைக்குத் தெற்கே ஓர் அலை சுஹைலியைப் பக்கவாட்டில் அப்படியே படுக்கவைத்தது. ஏராவின் அடியிலிருந்த இரும்புப் பாரம் அதை நிமிர்த்திவிட்டது. ஆனால் அறையின் கூரைப்பகுதி தளத்தோடு சேரும் இடத்தில் சுற்றிலும் விரிசல் விட்டது. இன்னும் ஓர் அலை அப்படி அடித்திருந்தால் அந்தக் கூரையே போயிருக்கலாம். அடிப்பாகம் பாறை, மேல்பாகம் பலவீனம். மீட்புப் படகின் உடம்பில், வசதிக்காக மேலே ஓர் அறையை ஏற்றியதன் விளைவு அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது கசிவு. இந்தப் படகைப் பற்றிப் படித்ததில் என் மனதில் தங்கியது இந்த இடம்தான்.

கிளம்பி ஒரு மாதத்துக்குள், கேப் வெர்டே தீவுகள் பக்கம், படகுக்குள் தண்ணீர் அளவுக்கு மீறி வருகிறது. முகமூடியை மாட்டிக்கொண்டு அவர் கடலில் குதித்துக் கீழே போய்ப் பார்க்கிறார். ஏராவை ஒட்டி, பெரிய பாய்மரத்துக்குக் கீழே, பலகைகள் சேரும் சந்து நீளமாகத் திறந்திருக்கிறது. படகு ஆடும்போது திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறது. காரணம் இதுதான்: பாய்மரம் தன் முழு அழுத்தத்தையும் ஏராவின்மேல் கீழ்நோக்கி இறக்குகிறது. மரத்தைத் தாங்கும் கம்பிகள் படகின் இரு பக்கங்களையும் மேல்நோக்கி இழுக்கின்றன. இரண்டு விசையும் சண்டை போடும் எல்லை, ஏராவை ஒட்டிய அந்தச் சந்து. பலகை வைத்துக் கட்டிய படகு எதுவானாலும் முதலில் வாய் திறப்பது அங்கேதான்.

எங்கள் பக்கத்துக் கடற்கரையில் இதற்கு வைத்தியம் தெரியாதவர்கள் கிடையாது. கலப்பத்து அடிப்பது என்பார்கள். தொண்டியில் ஒரு பெரியவர் கரையில் ஏற்றிய வத்தையின் சந்துகளில் பஞ்சைத் திரித்துத் திரித்து உளியால் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் குழைத்துப் பூசியதை ஒரு முழுக் காலைப்பொழுதும் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பஞ்சு போதாமல் போனாலும் ஒழுகும், அதிகமாகத் திணித்தாலும் பலகை பிளக்கும். சத்தத்தை வைத்தே அவருக்குத் தெரிந்தது. அவர் அதைச் செய்தது காய்ந்த மணலில், நிழலில் உட்கார்ந்து.

சுஹைலியில் அதே வேலையை ஆடும் படகின் அடியில், மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டியிருந்தது. ஒரு மூச்சுக்கு எத்தனை அடி அடிக்க முடியும்? திணித்த பஞ்சு, அடுத்த மூச்சுக்கு மேலே போய் வருவதற்குள் வெளியே வந்துவிட்டது. யோசித்துவிட்டு, ஒரு கித்தான் பட்டையில் பஞ்சை வைத்துத் தைத்து, தார் தடவி, செப்பாணிகளைப் படகின் மேலேயே அதில் குத்தி வைத்துக்கொண்டு, கீழே போய் ஒவ்வோர் ஆணியாக அடித்தார். அதன்மேல் ஒரு செப்புத் தகட்டையும் அறைந்தார். நடுவில் ஒரு சுறா சுற்ற ஆரம்பித்தது. மேலே ஏறி அதைச் சுட்டுவிட்டு மறுபடி இறங்கினார். கசிவு அடங்கியது.

இதை வீரக்கதையாகப் பலர் சொல்கிறார்கள். வடிவமைப்பின் பக்கமிருந்து பார்த்தால் எனக்கு இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, இது உண்மையான குறை. கனமான பாய்மரத்தைப் பலகைப் படகில் நிறுத்தும் இடத்தில் இன்னும் வலு வேண்டியிருந்தது. இன்னொன்று, அந்தக் குறையைப் பஞ்சும் கித்தானும் செப்பாணியும் சுத்தியலும் வைத்து ஒரு மனிதன் நடுக்கடலில் சரிசெய்ய முடிந்தது. கைக்கருவியால் கட்டிய படகைக் கைக்கருவியாலேயே பழுதுபார்க்கலாம். படகு மதிப்பீட்டில் இதற்கு மதிப்பெண் போடும் சூத்திரம் எதையும் நான் பார்த்ததில்லை.

ஆணி பிடித்து நின்றதற்கு மரமும் காரணம். பழைய வீடுகளைப் பிரித்த தேக்கை வாங்கி வேலை செய்யும் ஓர் ஆசாரி காரைக்குடியில் இருக்கிறார். போன வருடம் எங்கள் வீட்டு நிலை ஒன்றைச் சரிசெய்ய அவரிடம் போயிருந்தேன். நூறு வருடத்துக்குக் குறையாத ஒரு துண்டை எடுத்து இழைப்புளி போட்டார். மேலே சாம்பல் நிறமாகச் செத்துக்கிடந்த மரம், இரண்டு இழைப்பில் தேன் நிறத்துக்கு வந்தது. சுருளைக் கையில் எடுத்துத் தேய்த்தால் விரலில் லேசாக எண்ணெய்ப் பிசுக்கு, தோல் கடையில் நுழைந்த மாதிரி ஒரு வாசம். அஞ்சாறு இழைப்புக்குள் உளியை எடுத்துத் தீட்டத் தொடங்கிவிட்டார்.

“என்ன அண்ணே, அதுக்குள்ளயா?” என்றேன்.

“தேக்கு உளியைத் திங்கும் செட்டியாரே. மண்ணுல நின்ன மரம்ல, மண்ணைக் கொஞ்சம் வயித்துல வச்சிருக்கு.”

அவர் சொன்னது அறிவியல்படியும் சரிதான். தேக்கு தன் திசுக்களில் சிலிக்காவைச் சேர்த்துவைக்கிறது, மணலில் இருக்கும் அதே பொருள். கருவியை மழுக்குவது அது. கூடவே இருக்கும் எண்ணெய்ப் பசை பூஞ்சையையும் கரையானையும் அண்டவிடாமல் பார்த்துக்கொள்கிறது, தண்ணீரையும் சட்டென்று உள்ளே விடாது. நனைந்து காயும்போது மற்ற மரங்களைவிடக் குறைவாகவே விரிந்து சுருங்கும். ஓக் மரத்தில் இரும்பாணி அடித்தால் அதன் புளிப்பு இரும்பை அரிக்கும். தேக்கு அவ்வளவு செய்யாது. படகு கட்டுகிறவர்கள் தேக்கை விரும்பியதற்கும், எங்கள் முன்னோர்கள் கடல் தாண்டி அதைக் கொண்டுவந்து வளவில் நிறுத்தியதற்கும் இந்தக் குணங்கள்தான் காரணம். ஒரே குறை, கனம். அந்தப் பத்து டன்னில் தேக்குக்கும் பங்கு உண்டு.

சுஹைலியை அப்படியே நகல் எடுத்துக் கட்டினால் இன்று எப்படி ஓடும் என்பதற்கும் பதில் இருக்கிறது, அதுவும் நம் நாட்டிலிருந்தே. நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர் அபிலாஷ் டோமி. ‘மாதே’ என்ற 56 அடிப் படகில் ஏறத்தாழ 150 நாளில் 2013-இல் அதை முடித்தவர். அவர் 2018 போட்டியில் ஓட்டுவதற்காகக் கோவாவில் சுஹைலியின் நகலாக ‘துரியா’ கட்டப்பட்டது. செப்டம்பர் 21-ஆம் தேதி தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயல் அதைப் புரட்டியது. இரண்டு பாய்மரமும் முறிந்தன, அவருக்கு முதுகெலும்பில் பலத்த அடி. மூன்றாம் நாள் ஒரு பிரெஞ்சுக் கப்பல் வந்து காப்பாற்றியது. அதுவரை துரியா முழுகாமல் மிதந்தது. மேலே இருந்ததெல்லாம் போனாலும் உடல் அவரைக் கைவிடவில்லை. மூலப் படகின் குணம் நகலிலும் அப்படியே இருந்தது.

நான்கு ஆண்டு கழித்து அவர் மறுபடி அதே போட்டிக்குப் போனார். இந்தத் தடவை சுஹைலி வடிவத்தை எடுக்கவில்லை. ரஸ்ட்லர் 36 எடுத்துக்கொண்டு போய், 2023-இல் இரண்டாவதாக வந்து சேர்ந்தார். ஓட்டிப் பார்த்தவரின் தீர்ப்பு அது. எனக்கு அதில் மனவருத்தம் ஏதும் இல்லை. நீளமான ஏரா ரஸ்ட்லரிலும் உண்டு; கனத்தைக் குறைத்து, பாயை மேம்படுத்தி, அந்தப் பழைய குணத்தைக் காப்பாற்றிக்கொண்ட படகு அது. இன்று எனக்கு ஒருவர் பணம் கொடுத்து, உலகைச் சுற்ற எதை வாங்கலாம் என்று கேட்டால் நானும் அதைத்தான் சொல்வேன். சுஹைலியைச் சொல்ல மாட்டேன்.

சுஹைலி இப்போது எப்படி இருக்கிறது? கொஞ்ச காலம் லண்டன் கிரீன்விச்சில் தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்துக்குள் காட்சிக்கு நின்றது. பழைய பொருட்கள் கெடாமலிருக்க அங்கே காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பார்கள். துணிக்கும் காகிதத்துக்கும் அது நல்லது, பலகைப் படகுக்கு விஷம். இம்மாதிரிப் படகின் சந்துகள் அடைபட்டு நிற்பதே பலகை தண்ணீரில் ஊறி உப்பியிருப்பதால்தான். வருடக்கணக்கில் வறண்ட காற்றில் நின்றதில் தேக்கும் சுருங்கியது, சந்துகள் திறந்தன. அப்படியே இன்னும் சில வருடம் விட்டால் இனி மிதக்கவே மிதக்காது என்று தெரிந்ததும், 2002-இல் நாக்ஸ்-ஜான்ஸ்டன் படகை வெளியே எடுத்துவிட்டார். இதைப் படித்தபோது எங்கள் தெருவில் பூட்டிக்கிடக்கும் வீடுகளை நினைத்துக்கொண்டேன். வருடத்தில் ஒரு நாள் முன்னோர் படைப்புக்குத் திறந்து, விளக்கேற்றி, மறுபடி பூட்டிவிடுகிறோம்.

அப்புறம் பல வருடம் மெதுவாக வேலை பார்த்து, அவரே பெரும்பகுதியைத் தன் கையால் செய்து, படகைத் தண்ணீரில் இறக்கினார். 2018 ஜூன் 14-ஆம் தேதி, கிளம்பி சரியாக ஐம்பது வருடம் கழித்து, அதே ஃபால்மத்தில் சுஹைலி பாய் விரித்து ஓடியது. சுக்கான் பிடியில் அவர்தான், வயது 79. பலகைகள் பெரும்பாலும் பம்பாயில் வாய்ச்சியால் செதுக்கிய அதே பலகைகள்.